வலது மூலையில் ஊதா

ரெபேக்கா வீட்டு வாசலின் அகலம் இரண்டடி மூன்று அங்குலம். பேச்சிராஜா டெம்போவில் ஏற்றிவந்து தெருமுனையில் இறக்கிய வீடியோகேம் பெட்டியின் அகலம் இரண்டடி நான்கு அங்குலம். அந்த ஓர் அங்குலத்துக்காக மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் அந்தச் சந்து முழுக்க வேலையை விட்டுவிட்டு வந்து நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. சாய்த்துக் கொண்டுபோ என்றார்கள், தலைகீழாகக் கொண்டுபோ என்றார்கள், வெளியிலேயே தார்ப்பாய் போட்டு வை என்றார்கள். ஜூலை மழையில் தார்ப்பாய் எத்தனை நாள் தாங்கும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. யோசனைக்குப் பஞ்சமில்லாத இடம் அது. கை கொடுக்கத்தான் ஆள் தேட வேண்டும். கடைசியில் ரெபேக்காவின் புருஷன் ஏஞ்சலோ ஒன்றும் பேசாமல் கடப்பாரையை எடுத்துவந்து கதவு நிலையைப் பெயர்த்தான். பெட்டி உள்ளே போனது. நிலையைத் திரும்ப நிறுத்தி ஆணி அடித்தான்.

முறுக்கு பிழிந்துகொண்டிருந்த மாமியார் சேசம்மாள் மாவுக் கையோடு எழுந்து வந்து பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னட்டி இது, சவப்பெட்டிய நட்டமா நிறுத்துனாப்புல? இதுக்குப் பக்கத்துலயா நான் படுக்கணும்?"

"ஒரு வாரந்தான் அத்த. கடையில வைக்க எடமில்ல. மேல இருந்து ஒழுகுது வேற."

"ஒழுகுற கடைக்கு டாக்டரம்மா இவ" என்று சொல்லிவிட்டுச் சேசம்மாள் முறுக்குக்குத் திரும்பினாள்.

டாக்டரம்மா என்பது கேலிதான், ஆனாலும் பொய்யில்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, டி.வி. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டி, பிறகு எட்டடிக்கு ஆறடியில் சொந்தக் கடை போட்டவள் ரெபேக்கா. கடைக்கு வருகிறவர்கள் முதலில் உள்ளே எட்டிப்பார்த்து, "மெக்கானிக் இல்லியாம்மா?" என்பார்கள். "நாந்தான் மெக்கானிக். சாமான எடுங்க வெளிய" என்பாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. கெட்டுப்போன சாமானைப் பார்த்தால் அவளுக்கு ஒரு தெம்பு வந்துவிடும். எங்கேயோ ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது, தேடினால் அகப்படும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

பெட்டி ஆள் உயரம். நெஞ்சு மட்டத்தில் ஒரு திரை, அதற்குக் கீழே ஆட்டுகிற குச்சியும் ஆறு பொத்தானும், அதற்கும் கீழே டோக்கன் போடுகிற பொந்து. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் சந்துக்கு ஒன்று இருந்தது. பேச்சிராஜா இப்போது செம்பூரில் பெரிய பலசரக்குக் கடைக்காரர். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பையோடு இந்தப் பெட்டிகளின் முன்னால் நின்று வளர்ந்தவர். வடாலாவில் ஒரு குடோனில் எட்டுப் பெட்டி தூசி தின்று கிடப்பதைக் கேள்விப்பட்டு மொத்தமாக வாங்கிவிட்டார். செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு தீனிக் கடை போட்டு, பின்கட்டில் எட்டையும் நிறுத்துவதாகத் திட்டம்.

"தங்கச்சி, மொதல்ல ஒண்ணு. இது மனசுக்குப் பிடிச்சுதுன்னா மிச்சம் ஏழும் ஒனக்குத்தான்" என்றார் அவர், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "ஏழும் மட்டுமில்ல. தெனம் ஓடுத சாமான். பாத்துக்கிட ஆளு வேணும்லா? அங்கனயே ஒரு ரூம் தாரேன். நீயும் ஏஞ்சலோவும் வந்து ஒக்காந்துக்கிடுங்க."

"உள்ள இருக்க சர்க்யூட் போர்டு நல்லாருக்கு அண்ணாச்சி, நம்ம டி.வி.யில போட்டுப் பாத்துட்டேன். மரம் அடியில இத்துப்போயிருக்கு, அத எங்க அத்தான் பாத்துக்கிடுவாவ. திரைதான் செத்துட்டு."

அது எப்படிச் செத்தது என்பது பார்த்தாலே தெரிந்தது. இருபது வருஷம் ஒரே படத்தைக் காட்டிக் காட்டி, அணைத்து வைத்திருக்கும்போதும் 'டோக்கன் போடு' என்கிற ஆங்கில எழுத்து கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்தது. பின்னால் பிக்சர் டியூபின் கழுத்துக்குள் காற்றும் புகுந்திருந்தது.

"அப்ப புதுசா எல்.சி.டி. போட்டுரு. பளிச்சுனு இருக்கும், கனமில்ல. செம்பூர்ல ஒருத்தன் எட்டுக்கும் ரெடியா கிட்டு வச்சிருக்கான். நீங்க டேஷனுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள மாட்டிருவேங்கான்."

"போடலாம். ஆனா பழைய டியூபும் ஒண்ணு தேடுதேன். ரெண்டையும் ஆடிப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

"எதுக்கு ரெண்டு? சும்மா காலிபீலி டென்ஷன்."

"ஆடுதவுக கைதான அண்ணாச்சி சொல்லணும்? நான் சொல்லப்பிடாது."

பேச்சிராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. சனிக்கிழமை காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ரெபேக்காவுக்கு அந்தச் சனிக்கிழமையில் இன்னொரு கெடுவும் இருந்தது. அதே சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குள் ஏஞ்சலோ தன் பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்தாக வேண்டும். மஸ்கட்டில் டிரைவர் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். பத்து வருஷமாக அவன் ஓட்டுகிற டாக்ஸி முலுண்டில் ஒருவருடையது. வண்டிக்கு வயதாகிவிட்டது, இந்த மாதக் கடைசியில் விற்கப்போகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு பொம்பில் மீன் கருவாட்டுக் குழம்பு. ஏஞ்சலோ தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஏஜெண்ட் இன்னைக்கும் போன் பண்ணான். சனிக்கெழம தாண்டுச்சுன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவானாம்."

"குடுக்கப் போறியளா?"

"நீ என்ன சொல்லுத?"

"நான் என்ன சொல்ல? ஒங்க இஷ்டம்."

"சரி" என்று சொல்லி அவன் இன்னொரு துண்டு கருவாட்டைப் போட்டுக்கொண்டான்.

இந்த 'ஒங்க இஷ்டம்' இருக்கிறதே, புருஷன் பெண்டாட்டிக்குள் இதைவிடப் பொல்லாத சொல் கிடையாது. போகாதீர்கள் என்று சொல்லத்தான் ரெபேக்காவின் நெஞ்சு துடித்தது. சம்பாத்தியத்துக்குப் போகிற ஆம்பிளையை மறித்தாள் என்ற பேச்சு நாளைக்கு வந்துவிடக் கூடாதே என்று வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது. எட்டுப் பெட்டியும் கிடைத்துவிட்டால் அவன் தானாக நின்றுவிடுவான், தான் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று கணக்குப் போட்டாள். ஆகவே அவளுக்கு இந்தப் பெட்டி ஜெயிக்க வேண்டும். வெளியே மழை தகரத்தில் கொட்டு அடித்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டுக்கு நஜ்முன்னிசாவைப் பார்க்கப் போனாள். மேலப்பாளையத்துக்காரி, புருஷன் போன பிறகு காயலான் கடையைத் தனியாக நடத்துகிறவள். தகரக் கொட்டகைக்குள் பழைய டி.வி.க்களும் கம்ப்யூட்டர் மானிட்டர்களும் கூரை முட்ட அடுக்கியிருந்தன. சாக்கு விரித்து ஒரு ஓரத்தில் இரண்டு பேர் தாமிரக் கம்பி உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல நேரத்துல வந்த புள்ள. நாளைக்குக் கண்ணாடி ஒடைக்க ஆளு வருது. என்ன வேணும்?"

"இருவது இஞ்ச் டியூப் அக்கா. வளைஞ்ச கண்ணாடி."

"இதுல எது வேணும்னாலும் தூக்கிட்டுப் போ. எல்லாம் கண்ணாடிதான்."

"அப்பிடிச் சொல்லாதிய. பொண்ணு பாக்க வந்தவகிட்ட எல்லாம் பொண்ணுதாங்குதியளே."

நஜ்முன்னிசா சிரித்தாள். ரெபேக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுக்குக்குள் இறங்கினாள். கம்ப்யூட்டர் மானிட்டர் ஆகாது. அதன் வேகத்துக்கு அந்தப் பழைய போர்டு ஈடுகொடுக்காது. தட்டைக் கண்ணாடி டியூப் ஆகாது. பெட்டியின் வளைந்த சட்டத்துக்குள் மூலை பொருந்தாமல் ஈ என்று இளிக்கும். இருபத்தொன்பது இஞ்ச் உள்ளேயே போகாது. கடைசி வரிசையில் ஒரே மாதிரி முப்பது டி.வி. இருந்தது. ஒன்றின் முதுகைக் கழற்றி, டார்ச் அடித்துக் கழுத்தைப் பார்த்தாள். கழுத்துக்குள் பூசிய வெள்ளிப்பூச்சு கண்ணாடிபோல் மின்னினால் டியூபுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. இது மின்னியது. மீட்டரை எடுத்துக் கழுத்தைச் சுற்றியிருந்த காயிலின் அளவைப் பார்த்தாள். செத்த டியூபின் காயிலுக்கும் இதற்கும் அரை ஓம் வித்தியாசம்கூட இல்லை. பெட்டியின் பழைய சர்க்யூட்டோடு அப்படியே சேரும் என்று மனசுக்குள் ஒரு குதி குதித்தாள்.

"இது எங்கக்கா பிடிச்சிய?"

"ஒரு லாட்ஜ்ல மொத்தமா கழிச்சது. எவன் லாட்ஜ்ல போயி டி.வி. பாக்கான்? பாதி புதுசு மாரிதான் கெடக்கு."

"இதுல எட்டு எனக்கு. ஒண்ணு இன்னைக்கு. ஏழு ஒடைக்காம வச்சிருங்க."

"செவ்வாக்கெழம வரைக்கும் வைப்பேன். அதுக்குமேல எனக்கு எடம் வேணும்."

"சனிக்கெழமயே சொல்லிருதேன்."

"ஏம் புள்ள, எல்லாரும் தட்டைய வாங்குதாவ, நீ மட்டும் கொடத்த வாங்குத?"

"ஆடிப்பாத்தா தெரியும் அக்கா" என்றாள் ரெபேக்கா. கைவண்டிக்காரனிடம் பச்சைப்பிள்ளையைக் கொடுப்பதுபோல் ஆயிரம் பத்திரம் சொல்லி ஏற்றிவிட்டாள். வழி நெடுக மழைக்குழி. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவளுக்குத்தான் வலித்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் டியூபை மாட்டினார்கள். ஏஞ்சலோ அடிப்பலகையை வெட்டி எடுத்துவிட்டுப் புது பிளைவுட் வைத்து, சீவி, பூச்சுக் கொடுத்திருந்தான். டாக்ஸி ஓட்டுகிற கைக்கு மரவேலை எங்கேயிருந்து வந்ததோ, ஒட்டு எங்கே என்று தேடினால்தான் தெரிந்தது. ஸ்விட்சைப் போட்டதும் திரை மெல்ல வெளுத்து, பிறகு கறுத்து, நிறங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. சிவப்புச் சட்டை போட்ட ஒரு வாள்காரன் கோட்டை மதிலில் நின்று மூச்சு வாங்கினான். சேசம்மாள்கூட முறுக்கு அச்சைக் கீழே வைத்துவிட்டாள்.

"இவன் யாருட்டி, கோயில்ல வாளோட நிக்க மிக்கேல் சம்மனசு மாரி இருக்கான்."

"பேரு தெரியாது அத்த. இங்க எல்லாரும் வாள்காரன்னுதான் சொல்லுவாவ."

ஏஞ்சலோ படத்தையே ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தான் கொடுத்த பூச்சின் மேல் கையை ஒருதரம் ஓட்டிப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் வடாலாவில் ஒரு சாமான் வாங்க வேண்டியிருந்ததால் அவன் வண்டியிலேயே ஏறிக்கொண்டாள். ஏறி உட்கார்ந்ததும் கண் டேஷ்போர்டுக்குப் போனது. அங்கே ஆரோக்கிய மாதா சிலை இல்லை. மாதா நிற்கிற வட்டத் தகரம் மட்டும் ஒட்டியிருந்தது. பத்து வருஷமாக அந்தக் கட்டைவிரல் உயர மாதா அந்த இடத்தை விட்டு அசைந்ததில்லை. முதல் மழைக்காலத்தில் மட்டும் மும்பைக் குழி ஒவ்வொன்றிலும் குப்புற விழுந்து விழுந்து எழுந்தது. இவள்தான் கடையில் கிடந்த ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை அடியில் ஒட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு வண்டி குழியில் விழும், மாதா விழமாட்டாள்.

வண்டியை ஒப்படைக்கத் தயாராகிவிட்டான். மாதாவை எடுத்துத் துணியில் சுற்றி மஸ்கட் பெட்டிக்குள் வைத்துவிட்டான். வேறென்ன இருக்க முடியும்? ரெபேக்கா வடாலா வரும்வரை ஜன்னல் வழியாக மோனோரயில் தூண்களை எண்ணிக்கொண்டு வந்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானே என்று பயந்தாள். சர்க்யூட்டுக்குள் கை விடத் தயங்காதவளுக்கு ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பி, மூன்று மணிக்குப் பெட்டியைப் போட்டாள். திரையின் வலது மேல்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா. அதைச் சுற்றிப் பச்சை. அந்தப் பக்கம் ஓடும்போதெல்லாம் வாள்காரன் முகம் அழுகிப்போய்த் திரும்பி வந்தான்.

காந்தப் பிடிப்பாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். பெட்டியின் ஸ்பீக்கரைக் கழற்றித் தூரப் போட்டாள். காந்தம் எடுக்கிற காயிலைக் கண்ணாடிக்கு முன்னால் வட்டம் வட்டமாகச் சுற்றினாள். படம் வானவில்லாக நெளிந்து, அடங்கி, ஊதா மறுபடி அதே மூலையில் வந்து உட்கார்ந்தது. நாலு தரம் செய்தாள். நாலு தரமும் அதே. அப்படியென்றால் ஒரே காரணம்தான் பாக்கி. கண்ணாடிக்குள் இருக்கிற சல்லடைத் தகடு கைவண்டிக் குலுக்கலில் வளைந்திருக்க வேண்டும். அது வளைந்தால் டியூப் குப்பைதான். அதற்கு வைத்தியம் இல்லை.

முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு சாமானின் முன்னால் ரெபேக்காவுக்கு அழுகை வந்தது. சேசம்மாள் பார்த்துவிட்டாள்.

"எதுக்குட்டி கண்ணக் கசக்குத? அந்த வாள்காரனுக்கு மஞ்சக்காமாலையா?"

"ஒண்ணுமில்ல அத்த. வெங்காயம்."

"வெங்காயத்த நான்லா நறுக்குதேன்" என்றாள் சேசம்மாள். ஆனாலும் மேலே கேட்கவில்லை. ஒரு டம்ளர் கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பேச்சிராஜா கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார். ஏஞ்சலோ இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். பாஸ்போர்ட் ஒரு பழுப்புக் கவரில் அலமாரி மேல் இருந்தது. ரெபேக்கா அந்தக் கவரைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

அவள் எதையும் மறைக்கவில்லை. நேராகத் திரையைப் போட்டுக் காட்டினாள்.

"என்ன தங்கச்சி, மூஞ்சியில அம்ம போட்ட மாரி இருக்கு?"

"நேத்து வந்தது அண்ணாச்சி. காரணம் இன்னும் பிடிபடல."

"அப்ப எல்.சி.டி.யே போட்டுருவோம். முடிஞ்சுது."

"ஆடிப் பாத்துட்டுச் சொல்லுதேன்னுதான சொன்னிய? மொதல்ல எல்.சி.டி.யில ஆடுங்க."

ஸ்டூல் மேல் எல்.சி.டி.யைத் தயாராக மாட்டி வைத்திருந்தாள். பளிச்சென்று இருந்தது; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச்சிராஜா செருப்பைக் கழற்றிவிட்டு, கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, குச்சியைப் பிடித்தார். நாற்பத்தைந்து வயது தொப்பை, கடை முதலாளி மிடுக்கு எல்லாம் அந்த நிமிஷமே எங்கேயோ போய்விட்டது. முதல் பாலம், இரண்டாவது பாலம் எல்லாம் சிரிப்பாகத் தாண்டினார். மூன்றாவது பாலத்தின் கடைசிப் பலகை உடைகிற அந்தக் கணத்தில்தான் குதிக்க வேண்டும். குதித்தார். வாள்காரன் ஆற்றில் விழுந்தான். மறுபடி ஆடினார். மறுபடி ஆறு. மூன்றாவது தடவையும் ஆறுதான்.

"கை போயிட்டு தங்கச்சி. வயசாவுதுல்லா. இந்தப் பாலத்த நான் கண்ண மூடிட்டுத் தாண்டுவேன் அப்பல்லாம்."

"இப்ப டியூப்ல ஆடுங்க."

ஊதா மூலையோடு டியூபில் ஆடினார். மூன்றாவது பாலம் வந்தது. குதித்தார். வாள்காரன் அக்கரையில் போய் இறங்கினான். பேச்சிராஜா குச்சியை விட்டுவிட்டுத் தன் கையையே பார்த்தார். திரும்ப ஆடினார், திரும்பவும் தாண்டினான்.

"ஒங்க கை நல்லாத்தான் இருக்கு" என்றாள் ரெபேக்கா. "போர்டு குடுக்க படத்த எல்.சி.டி. அப்பிடியே காட்டாது. நடுவுல ஒரு கன்வெர்ட்டர் வாங்கி, மாத்தித்தான் குடுக்கும். கண்ணு இமைக்கதுல பாதி நேரந்தான். ஆனா அந்தப் பலகை அது வரைக்கும் காத்திருக்காதே. நீங்க பாக்கும்போது அது ஏற்கெனவே ஒடஞ்சிட்டு."

பேச்சிராஜா தாடையைச் சொறிந்தார். வியாபாரி திரும்பி வந்துவிட்டார்.

"கை சரி. மூஞ்சி? புதுசா வாரவன் கையயா பாப்பான், மூஞ்சியத்தான பாப்பான்? ஊதா மூஞ்சிய வச்சு எப்பிடிக் கட தொறக்க? அந்தக் கிட்டுக்காரன் பன்னெண்டு மணிக்கு வாரேன்னான். நான் கெளம்புதேன்."

"எங்க கெளம்புதிய?" என்று உள்ளேயிருந்து சேசம்மாள் வந்தாள். "காலைலயே வந்த மனுசன் வெறும் வயித்தோடயா போவிய? இட்லி அவியுது. இருந்து தின்னுட்டுப் போங்க. அந்த மிசின்காரன் ஓடியா போறான்?"

தெக்கத்திக்காரர் ஒருவர் அவிகிற இட்லியைத் தட்டிவிட்டுப் போனதாகச் சரித்திரம் இல்லை. பேச்சிராஜா உட்கார்ந்தார். ரெபேக்காவுக்குக் கிடைத்தது அந்த ஈடு இட்லி வேகிற நேரம்.

அவள் ஊதாவைப் பார்த்தபடியே நின்றாள். நேற்று அழுதது போதும். தகடு வளைந்திருக்கிறது என்று முடிவு கட்டினாளே தவிர, அதைச் சோதித்தாளா? வியாழக்கிழமை மாட்டும்போது நன்றாக இருந்ததே. கைவண்டிக் குலுக்கல் புதன்கிழமையோடு முடிந்துவிட்டதே. ஒரு நாள் கழித்தா வளையும்? பயத்தில் மூளையைக் கடன் கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான். ரெபேக்காவுக்குப் பழைய தெம்பு உள்ளங்காலிலிருந்து ஏறியது.

"அத்தான், சட்டையக் கழத்திட்டு வாங்க. டியூபத் தலகீழா மாட்டணும்."

"தலகீழாவா? எதுக்கு?"

"நோவு டியூபுல இருந்துதுன்னா, திருப்பி மாட்டுனா ஊதாவும் அதுகூட சேந்து இடது பக்கம் கீழ போயிரும். ஊதா இதே எடத்துல நின்னுதுன்னா டியூப்ல நோவு இல்ல. பெட்டியில இருக்கு."

ஏஞ்சலோ சட்டையைக் கழற்றினான். பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூடிரைவரை வைத்து டியூபில் தேங்கிய கரண்ட்டைப் பட்டென்று இறக்கினாள். நாலு போல்ட். அவன் இரண்டு கையாலும் டியூபை அணைத்துத் தூக்கித் திருப்பினான். அவள் சட்டத்தில் பொருத்தி முடுக்கினாள். இந்த மாதிரி வேலையில் இரண்டு பேருக்கும் பேச்சே தேவைப்படவில்லை. ஸ்விட்சைப் போட்டாள். வாள்காரன் தலைகீழாகத் தொங்கினான்.

ஊதா வலது மேல்மூலையிலேயே இருந்தது.

"பெட்டியிலதான்!" என்று கத்தினாள். இட்லியோடு பேச்சிராஜா எழுந்தே விட்டார்.

மறுபடி அணைத்துவிட்டு, பின்பக்கமாகக் கையை விட்டாள். வலது பக்கப் பலகையில் உள்ளே ஓர் இரும்புப் பட்டை மேலிருந்து கீழே ஓடுகிறது. அதற்கும் டியூபின் மூலைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. பட்டையைத் தடவிக்கொண்டே மேலே போனாள். விரலில் சின்னக் கிரீடம் ஒன்று தட்டியது. பிறகு ஒரு முக்காடு, கையில் ஒரு குழந்தை. இழுத்தாள், வரவில்லை. அவ்வளவு பலமாகப் பிடித்துக்கொண்டு நின்றது. அது அவளே ஒட்டிக்கொடுத்த காந்தம்.

திருகி இழுத்துக் கையை வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஆரோக்கிய மாதா.

ஏஞ்சலோவின் காது சிவந்துவிட்டது.

"அத்தான், எப்ப வச்சிய?"

"நேத்து காலைல. வண்டி எடுக்கதுக்கு முந்தி."

"எதுக்கு?"

"புது சோலின்னா மாதாவ வைக்காம எப்பிடி? பத்து வருசம் என்னயக் காப்பாத்துனவ. இந்தப் பெட்டியவும் காப்பாத்தட்டும்னுதான்..." கொஞ்சம் நிறுத்தினான். "பெட்டி நின்னுட்டுன்னா நானும் இங்கனயே நின்னுக்கிடலாம்லா."

ரெபேக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை வெங்காயத்தின் மேல் பழி போடத் தோன்றவில்லை.

"அத வாயத் தொறந்து சொன்னா என்ன? நான் ஒங்க மஸ்கட் பொட்டியில இருக்குன்னு நெனச்சு நேத்தெல்லாம் செத்துட்டேன்."

"கேட்டேனே. நீதான் 'ஒங்க இஷ்டம்'னுட்ட."

"நல்லா இருக்குடா ஒங்க குடித்தனம்" என்றாள் சேசம்மாள். "ரெண்டும் ஊம மாரி இருந்துக்கிட்டு, நடுவுல மாதாவப் போட்டுப் பாடாப்படுத்திருக்கிய. குடு இங்க அவள." மாதாவை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்து, முறுக்கு டப்பா மேல் நிறுத்தினாள். டப்பா தகரம்; மாதா டக்கென்று பிடித்துக்கொண்டாள்.

ரெபேக்கா ஸ்விட்சைப் போட்டு, காந்தம் எடுக்கும் காயிலை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினாள். வானவில் நெளிந்து அடங்கியது. மூலை சுத்தமாக இருந்தது. தலைகீழாகத் தொங்கினாலும் வாள்காரனின் முகம் முகமாக இருந்தது. சட்டை ரத்தச் சிவப்பு.

பேச்சிராஜா சட்னிக் கையோடு கிட்டே வந்து கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தச் செவப்பு அந்த எல்.சி.டி.யில இல்ல, பாத்தியா?" என்றார். "இதே மாரி இன்னும் ஏழு கெடைக்குமா?"

"எடுத்து வச்சாச்சு அண்ணாச்சி. ஒரே லாட்ஜ்ல கழிச்சது."

"நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

"ஆடிட்டு வேண்டாம்னு சொல்ல மாட்டியன்னு தெரியும்."

அவர் சிரித்துவிட்டு, இடது கையால் போனை எடுத்துக் கிட்டுக்காரனை வரவேண்டாம் என்று இந்தியில் சொன்னார். பிறகு இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.

வாள்காரனை நேராக நிறுத்த வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, கரண்ட்டை இறக்கி, ரெபேக்கா நாலு போல்ட்டையும் தளர்த்தினாள். ஏஞ்சலோ டியூபை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினான். அப்போதுதான் கழற்றிப் போட்ட அவன் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. ரெபேக்கா எடுத்துப் பார்த்தாள். ஏஜெண்ட். மணி பன்னிரண்டரை.

"அத்தான், அவரு."

ஏஞ்சலோ டியூபைத் திருப்பிக்கொண்டிருந்தான். கனத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் இந்தத் தடவை விடவில்லை.

"போகாதிய" என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "எனக்கு நீங்க இங்க வேணும்."

அவன் டியூபுக்கு மேலாக அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"எடுத்துப் பேசுட்டி. கையில வேல இருக்குன்னு சொல்லு."

ரெபேக்கா போனைக் காதில் வைத்து அதையே சொன்னாள்.